நட்டின் மேல் மஞ்சள் பொட்டு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். உருண்டை விளக்கு, நீண்ட மூக்கு, போதும். பின்னால் குனிந்து பார்க்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். வளைவில் ஆளைக் காப்பாற்றுவது என்னவோ பின்பக்கம்தான். இதைச் சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருடம் பிழைத்துவிட்டேன், ஐயா. தண்ணீர் வேண்டாம். நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறை எனக்கும் என் தம்பிக்கும் பொது. வாசலில் நின்று "வாங்க சார்" என்பது நான். வருகிறவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி இல்லீங்களா?" என்பார். நான் சிரித்துக்கொண்டே உள்ளே கைகாட்டுவேன். துணிக்கடை வாசலில் நிறுத்திய பொம்மைக்கும் எனக்கும் அதிக வித்தியாசமில்லை. பொம்மைக்குப் புதுச் சட்டை போடுவார்கள், அவ்வளவுதான்.

கண் டாக்டரின் கரும்பச்சை வண்டி போன வாரம் வந்தது. இரண்டே இருக்கை, என் வயது. வளைவில் வால் தனியாக ஆடுகிறது, பின்னால் டக்கென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். தம்பி மல்லாந்து வண்டிக்கு அடியில் போனான், ஒரு நிமிடத்தில் வெளியே வந்தான். கையில் ரப்பர்த் துணுக்கு.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் முனையில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. அதன் நட்டை, வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம் இது. போன வருடம் அந்த வண்டியைத் தொங்கவிட்டே இறுக்கியவன் நான்.

"போன வருஷம்தானே மாத்தினீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ரப்பர் சரக்கு மோசம் சார். அண்ணன் மாட்டினதுல குறையில்ல" என்றான் தம்பி.

"நீங்க உங்க அண்ணனை விட்டே கொடுக்க மாட்டீங்களே" என்று டாக்டர் சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கண் டாக்டர் அல்லவா.

அவர் போன பிறகு தம்பி ஸ்பானரைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, அடுத்த தடவ இறக்கி வச்சு முறுக்குங்க, என்ன?" என்றான். அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். மாலையில் ஒன்றாக டீ குடித்திருப்போம். பொய் சொல்லிக் காப்பாற்றினான். அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

எங்கள் பட்டறையில் இரண்டு பழக்கம். நட்டை இறுக்கியவன் அதன் மேல் தன் நிறத்தில் ஒரு பெயின்ட் பொட்டு வைப்பான். அவனுக்கு மஞ்சள், எனக்கு வெள்ளை. பொட்டு வைத்த நட்டை மறுபடி யாரும் தொட வேண்டியதில்லை. இன்னொன்று, வேலை பார்த்தவனே முதலில் ஓட்டிப் பார்ப்பான். மலைப்பாதையில் ஏறி இறங்கி வர வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. புஷ் இரண்டும் அவன் போட்டது. இடது ஷாக் அப்சார்பரை மட்டும் என்னிடம் விட்டிருந்தான். கை கழுவிச் சாப்பிடப் போனான். நகத்துக்கெல்லாம் பிரஷ் போடுகிறவன், சீக்கிரம் வரமாட்டான். வலது பக்கப் புது நட்டைக் கழற்றினேன். மரை தேய்ந்த பழைய நட்டு ஒன்றை விரலாலேயே ஏற்றி, மஞ்சள் பொட்டு வைத்தேன். டக் டக்கென்ற சத்தத்தோடு திரும்பி வருவான், டாக்டர் முன்னால் ஒரே ஒரு தடவை தலை குனிவான் என்பதுதான் என் எண்ணம். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

சாப்பாடு கொண்டுவந்திருந்த தம்பி மனைவி அவனோடு வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"மாமா, பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் ராணி. ஒரு போட்டோ எடுங்க."

"இறங்கும்மா. ஓட்டிப் பார்க்கிற வண்டியில ஆள் ஏத்தக்கூடாது. நான் ஸ்கூட்டர்ல விடறேன்."

"அண்ணனுக்குத் திடீர்னு சட்டம் ஞாபகம் வந்துடுச்சு. இறங்கு ராணி, இறங்கு" என்றான் தம்பி.

அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வலது பக்கம் குனிந்தான். டார்ச் அடித்தான். நான் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சளைப் பார்த்தான், நகர்ந்துவிட்டான். உண்மையைச் சொல்கிறேன், கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று அப்போது வாய் வரை வந்தது.

அவன் இடது பக்கம் போய் மண்டியிட்டான். என் வெள்ளைப் பொட்டின் மேல் ஸ்பானரை வைத்து, இறுக்கம் சரியா என்று அழுத்திப் பார்த்தான். பழக்கத்தை அறியாதவனா அவன்? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"வரேண்ணே" என்றான்.

"மெதுவாப் போ" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவன் மனைவி எனக்கு நன்றி சொன்னாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், "நீங்க இறக்கிவிடலேன்னா நானும் போயிருப்பேன் மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் ஒரு உயிராவது பிழைத்தது.

வண்டியைப் பரிசோதித்த அதிகாரி பழைய நட்டைக் கண்டுபிடித்தார். மஞ்சள் இருந்தும் யாரும் தம்பியைச் சொல்லவில்லை. செத்த பிறகும் அவன் தப்புச் செய்யமாட்டான். டாக்டர் சாட்சி சொன்னாராம், "சின்னவர் பழைய நட்டு போடற ஆளே இல்ல. பெரியவர்தான் கவனிக்காம பழசை மாட்டியிருப்பார். போன வருஷமும் அப்படித்தான்" என்று. உங்கள் ஸ்டேஷன் ஆட்கள்கூட நேற்று என் முதுகைத் தட்டி, "தெரியாம நடந்தது, மனசு விடாதீங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று இருக்கிறது.

அதைத் திருத்தத்தான் வந்தேன். இதோ, கழற்றிய புது நட்டு. கொலை என்றே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஏறும்போது தாங்கும், இறங்கும்போது ஆறாவது அல்லது ஏழாவது வளைவில் கழன்றுவிடும் என்று கணித்துத்தான் அந்தப் பழைய நட்டைத் தேடி எடுத்தேன். ஏழாவதில் கழன்றது, ஐயா. இதைப் போய்க் கவனக்குறைவு என்கிறார்கள்.