வெறும் வயிறு

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மருந்துக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் பழனிக்காரப் பெண்கள் இருவர், நாத்தனாரும் தம்பி மனைவியும்.

"பிரசாதம் எப்படி மதினி சாப்பாடாகும்?" என்றாள் இளையவள். "வெறும் வயிறான்னு நர்சம்மா கேட்டாங்க. ஆமான்னேன். குளோரோபாம் குடுத்ததும் உங்க தம்பி பஞ்சாமிர்தமா வாந்தியெடுத்து, மூச்சடைச்சுப் போச்சு. தலையச் சாய்ச்சு, தொண்டைய வழிச்சு, உசுர மீட்டாங்க. ஆபரேஷனத் தள்ளி வச்சுட்டாங்க."

"எம்புட்டு குடுத்தே?"

"வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன், அம்புட்டுத்தான். நர்சம்மா நம்பவே மாட்டேங்குறாங்க."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ துணி அலசப் போனப்ப, கிண்ணத்துல இருந்த மிச்சத்த நான்தான் ஊட்டிவிட்டேன். அடுத்த தடவ என்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு."