மூன்று நிமிடத் தாமதம்

என் கால் ஆடிக்கொண்டே இருக்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அண்ணன் நேர் எதிர். அசையாமல் உட்கார்ந்து ஜாவாவில் புரோகிராம் எழுதுவான், பிழையே இருக்காது. "அவனைப் பாத்துக் கத்துக்கடா" என்று அம்மா சொல்லாத நாளில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நோயாளிக்கு மூச்சு குறைந்தால் செவிலியர் மேசையில் மணி அடிக்கும் புரோகிராம் அண்ணன் எழுதியது. அன்று பதினொரு மணிக்குத் தலைமை டாக்டர் முன்னால், நோயாளிக்குப் பதில் ஒரு பொம்மையை வைத்து, அதற்குச் சோதனை. ஒரே ஒருமுறை அவன் முகத்தில் அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஜாவாவில் ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமின் ஒரு துண்டு, முதன்முதலில் தேவைப்படும்போதுதான் நினைவகத்தில் ஏறும். ஏறும் நொடியில் குறுக்கே நின்று அதன் பைட்கோடை, அதாவது கணினி படிக்கும் கட்டளைகளை, மாற்றிவிடலாம். கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. அப்படி மாற்றும் ஏஜெண்ட் என்ற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி, காலையில் சர்வர் எழுவதற்கு முன் தொடக்கக் கட்டளையில் ஒரு வரி சேர்த்தேன். மணி மூன்று நிமிடம் தாமதமாக அடித்தது. டாக்டர் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அண்ணன் எல்லாவற்றையும் இரண்டுமுறை படித்தான். "கோடிங் சுத்தமா இருக்குடா. பொம்மைலதான் ஏதோ கோளாறு" என்றான். தலையாட்டினேன். பன்னிரண்டு மணிக்கு அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஏறிவிட்ட கிளாஸ் அப்படியேதான் இருக்கும், சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்பும்வரை. அது எனக்குத் தெரியும். நிறுத்த அண்ணனிடம் கேட்க வேண்டும், ஏன் என்பான். எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். அவன் அறை வாசல்வரை நான்கு தடவை போய்வந்தேன்.

மூன்று மணிக்கு, முழங்கால் அறுவை முடிந்து, அம்மாவை அதே மணி இருந்த வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இருபது நிமிடத்தில் மூச்சு குறைந்தது. செவிலியர் திரைக்கு அந்தப் பக்கம் வேறொருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். என் கணினியில் அம்மாவின் மூச்சு எண் இறங்குவதைப் பார்த்தேன். கத்தியிருக்கலாம். எண் இறங்கியும் மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். அதனால் மணிக்காகக் காத்திருந்தேன். அடித்தபோது அம்மா இல்லை.

அண்ணன் சாப்பிடாமல் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறான். பிழை எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் தன் பிழைதான் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதைக் கிழித்துப் போடுங்கள். அம்மாவைக் கொன்றது நான்.

ஆனால் ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கே அந்த வரியை எடுத்துவிட்டேன்.