நாற்பத்தேழாம் பக்கத்து ஆடு

எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, ஜெனி. மல்லி மூட்டையைப் பிரித்தாலே இருபது தும்மல் போடுவேன். அதனால்தான் மளிகைக் கடைக்குள் கண்ணாடி அறை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் அப்பா பிறந்த ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் காரை விட்டு இறங்கவில்லை. 'தேரிக்காட்டுத் தூறல்' தொகுப்புக்கு விருது கொடுத்தவர்கள் என்னை 'மண்ணில் புரண்டெழுந்த கவிஞன்' என்றார்கள். நான் மறுக்கவில்லை. பொன்னாடை போர்த்துகிறவரை மேடையில் திருத்துவது மரியாதையும் இல்லை.

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தாய். என் புத்தகத்தை உங்கள் கல்லூரியில் பாடமாக வைத்துவிட்டார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விருது வாங்கிய கவிதைப் புத்தகத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் இருந்தவன் நான். பரீட்சை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

"நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு ஆடு வருது மாமா. அந்த ஆட்ட அம்மா வாங்குனது சாவதுக்கு மூணு நாள் முந்தி. அப்பா ஊருக்கு வாறதுக்குள்ள அத வித்தாச்சி, அவிய அதப் பாத்ததே இல்ல. ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாய்.

ஞாபகமில்லை என்று வைத்துவிட்டேன். ஞாபகமிருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் அந்தப் புத்தகத்துக்கு வந்த ஒரே ஒழுங்கான விமர்சனம் உன்னுடையது. பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் என் பக்கத்து நியாயம். நான் ராயபுரத்தில் பிறந்தவன். பதினைந்து வருடம் கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன். துறைமுக வாசலில் இரண்டு நாளாக நகராத கன்டெய்னர் லாரி, அதன் அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கும் டிரைவர், எண்ணூர்ப் பக்கம் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் படியும் கரித்தூள். எல்லாம் திரும்பி வந்தன. ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, 'உங்க எழுத்துல மண்ணே இல்லையே' என்றார். கரித்தூள் மண் இல்லைதான். அவர் இருப்பது ஏழாவது மாடியில். வரவேற்பறையில் ஒரு உழவு மாட்டு நுகத்தடியை வார்னிஷ் அடித்து மாட்டிவைத்து, அதில் கார் சாவி தொங்கவிட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் தணியவில்லை. உங்களுக்கு மண்தானே வேண்டும், மூட்டை மூட்டையாக இறக்குகிறேன் என்று முடிவு செய்தேன். ஜெகதீசன் என்ற பெயரை எடுத்துவிட்டு ஏர்க்காலன் என்று வைத்துக்கொண்டேன். ஏர்க்கால் என்றால் கலப்பையில் எந்தப் பாகம் என்று உன் அப்பாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உன் அப்பா சாலமோன் பதினெட்டு வருடமாக எங்கள் கடைத் தராசில் நிற்கிறார். அதிகம் பேசாத மனிதர். தெற்கிலிருந்து வந்து கடையிலேயே தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லீவு உண்டு: கோயில் கொடைக்கு, உங்கள் ஆட்களுக்கு அசனத்துக்கு. ஊரே கோயில் மைதானத்தில் கூடிச் சமைத்து ஒரே பந்தியில் தின்கிற நாள். ஒரு வருடம் மிளகாய் லோடு வந்ததால் அவரை அனுப்ப முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார். பதனீர் காயும் வாசம், கிணற்றில் விழுந்த கோழி, உன் அம்மா பியூலா வாளி தூக்கிக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றும் வேகம். நான் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்பது கவிதை.

ஊருக்குப் போய் வந்தவர் ஊரைப் பற்றி வாய் திறப்பதில்லை. போகாதவர் நிறுத்துவதில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு அடுத்த அசனத்துக்கும் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்ததற்கும்.

கெங்கம்மாவுக்குத்தான் மூக்கில் வேர்த்தது. கடை வாசலில் மீன் விற்கிறவள், அவளிடம் எதுவும் தப்பாது. "இன்னா அண்ணாச்சி, அந்தாளு மூஞ்சி தொங்கிப்போய்க் கீது. பொண்டாட்டி புள்ளய பாக்க வூட்டுக்கு அனுப்ப மாட்டியா? நீ பாட்டுக்கு உள்ள குந்திகினு இன்னாத்த எய்திகினு கீற?" என்றாள். கவிதை என்றேன். "ஆங், அத்த வெச்சி ஒலை வெய்யி" என்றாள். நடுவர் குழுவில் அவளைப் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது அசனத்துக்கு முந்தின வாரம் உன் அப்பாவின் போன் கடலை எண்ணெய் டின்னில் விழுந்தது. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி என் மேசை டிராயரில் வைத்தேன். அவர் தினமும் சாயங்காலம் ஊருக்குப் பேசிவிட்டால் அடுத்த நாள் பகலில் ஒன்றும் தேறுவதில்லை. புத்தகம் முடிய இன்னும் நான்கு கவிதை வேண்டியிருந்தது.

அசனத்தன்று பத்து மணிக்கு உன் அம்மா கடை நம்பருக்குக் கூப்பிட்டாள். ரெண்டு நாளாக இளைப்பு, இன்று மூச்சே விட முடியவில்லை, ஊரே மைதானத்தில் இருக்கிறது, ஒலிபெருக்கிச் சத்தத்தில் வாசலிலிருந்து குரல் கொடுத்தால் யாருக்கும் கேட்கவில்லை, ஊர்க்காரர்கள் நம்பர் எதுவும் தன்னிடம் இல்லை, உனக்குப் பரீட்சை என்பதால் உன்னைக் கூப்பிடவில்லை என்றாள். உன் அப்பாவுக்கு ஊரில் முப்பது பேர் நம்பர் மனப்பாடம், ஒருவருக்கு அடித்தால் போதும், ஓடி வருவார்கள். சொல்கிறேன் என்று வைத்தேன். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இளைப்பு எனக்கும் வருகிறதுதான்; ஒரு மாத்திரையில் போய்விடுகிறது.

சாயங்காலம் வாளியில் அசனச் சோறு எடுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்கள். அதை உன் அப்பாவிடம் உடனே சொன்னேன். ஏசி டிக்கெட் போட்டு அனுப்பினேன். அண்ணாச்சியைப் போல முதலாளி கிடைக்குமா என்று உங்கள் ஊரே பேசிக்கொண்டதாம். காரியம் முடிந்து திரும்பி வந்து தராசில் நின்றவர், ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"கடைசி நேரத்துல அவ கடை நம்பருக்குக்கூட என்ன ஒரு தடவ கூப்பிடல பாத்தியளா அண்ணாச்சி."

நான் பார்த்தேன் என்று தலையாட்டினேன். அது ஐம்பத்திரண்டாம் பக்கம். இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதை நீ சொல்வாயா மாட்டாயா என்பது உன் விருப்பம். விருதைத் திருப்பிக் கொடு என்று மட்டும் சொல்லாதே. அது அந்த ஏழாவது மாடிக்காரர்களை அம்பலப்படுத்தத்தான் வாங்கியது. சமயம் வரும்போது செய்வேன். நாற்பத்தேழாம் பக்கத்து ஆடு அடித்தட்டு மக்களின் எழுச்சி என்று ஒருவர் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். படித்துச் சிரித்தேன். வெட்டி எடுத்தும் வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட ஆட்டுக்கு வருகிறேன். பதினொன்றரைக்கு அவள் மறுபடியும் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அவியகிட்டச் சொன்னியளா அண்ணாச்சி? வாசல்ல கட்டுன ஆடு என் மூச்சுச் சத்தத்துக்கு எந்திச்சி எந்திச்சி நிக்கி" என்றாள்.

உன் அப்பா பத்தடி தள்ளி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்து, "மெதுவாச் சொல்லும்மா, அந்த ஆட்டப் பத்தி இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

இன்னொரு தடவை சொன்னாள்.