மயிலைக்குத் தெரிந்த குரல்

பந்தய மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது, ஏட்டய்யா. ஓடி வந்த மூச்சோடு காட்டக் கூடாது. கொஞ்ச நேரம் நடத்தி, விலாத் துடிப்பு அடங்கின பிறகு, வாளியில் ஒரு கைப்பிடி வைக்கோலைப் போட்டுக் காட்ட வேண்டும். வைக்கோல் மிதந்தால் மாடு அவசரப்பட்டு உறிஞ்சாது, ஊதி ஊதிக் குடிக்கும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வண்டி மாட்டுக்கு யாரோ மொண்டு மொண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பாவம், அது வாயில்லாத ஜீவன்.

நான் வந்த காரியம் வேறு. அதற்கும் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக இருக்கும்.

என் பெயர் சின்னப்பிள்ளை. கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலிங்கில் வண்டி கவிழ்ந்து கிடையாகக் கிடக்கிறானே பிச்சைமுத்து, அவனுடைய அக்காள். அக்காள் என்று மட்டும் எழுதினால் போதாது. அவன் பிறந்த வாரமே எங்கள் ஆத்தா போய்விட்டாள். எனக்கு அப்போது தாவணி போடுகிற வயதுகூட இல்லை. அக்கம்பக்கத்தில் பால் கேட்டு வாங்கி, துணியில் நனைத்து அவன் வாயில் வைத்தது நான். பிறகு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்கள். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. தூங்கும்போது அவன் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். வேறொரு வீட்டில் எனக்கு இதைவிட என்ன கிடைத்துவிடப் போகிறது?

மயிலையும் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் தாய்ப்பசு கோமாரியில் செத்தது. கன்றுக்கு மூங்கில் குழாயில் கஞ்சித்தண்ணீரும் பாலும் கலந்து புகட்டினேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குச் சொடுக்கி, "இந்தா மயிலு" என்பேன். கொல்லையின் எந்த மூலையில் நின்றாலும் வந்து என் முந்தானையில் மூக்கைத் தேய்க்கும். அங்கே எப்போதும் ஒரு துண்டு வெல்லம் முடிந்து வைத்திருப்பேன். வளர்ந்து, திமில் எழுந்து, செவலையோடு ஜோடி சேர்ந்து பந்தயத்தில் ஓடத் தொடங்கின பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பிச்சைமுத்து அதைச் சொல்லிக் கேலி பண்ணுவான். "பந்தயத்தன்னைக்கு நீ தடத்துப் பக்கம் வந்துறாதக்கா. ஒங் கொரலக் கேட்டா மயிலை கொடிய விட்டுட்டு ஒம் முந்தானைக்கு வந்துரும். அப்புறம் ஊர்க்காரன் எனக்குக் கொடி குடுக்க மாட்டான், வெல்லந்தான் குடுப்பான்."

அதனால் நான் ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை. வீட்டிலேயே இருந்து, திரும்பி வருகிற மாட்டுக்கு ஆரத்தி எடுப்பேன்.

இந்த வருஷம் வைத்தது காட்டு எல்கைப் பந்தயம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன். மற்ற பந்தயமெல்லாம் ரோட்டில். போய்க் கொடியைச் சுற்றி வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். காட்டு எல்கை அப்படியல்ல. விடியும்போது விட்டால் சூரைக்காட்டுக்குள் நுழைந்து, பொட்டலைக் கடந்து, காட்டுக்கு அந்தப் பக்கத்து ஐயனார் கோயில் கொடியைச் சுற்றி, கண்மாய்க்கரை வழியாக ஊர் வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். நடுவில் வீடு கிடையாது, கிணறு கிடையாது. வண்டிக்கு ஒரே ஆள். அச்சு முறிந்தால் அவனே தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். சமஸ்தானம் போன பிறகு இதுதான் முதல் காட்டு எல்கை என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அதே பேச்சு.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதுமே பிச்சைமுத்து ஆரம்பித்துவிட்டான். காலையில் மாடு இரண்டையும் கண்மாயில் நீந்தவிடுவான், மூச்சுத் தாங்குவதற்கு. வெயில் ஏறினால் வண்டியில் மணல் மூட்டையை ஏற்றிப் பொட்டலில் ஓட்டுவான். பொன்னமராவதிக்குக் கொண்டுபோய் லாடம் அடித்துவந்தான். ஆசாரியைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை வாங்கி, சட்டத்தை இழைத்து இழைத்து, இரண்டு பேர் தூக்குகிற வண்டியை ஒருவன் தூக்குகிற மாதிரி ஆக்கினான். நான் பருத்திக்கொட்டை ஆட்டினேன், உளுந்துக் களி கிண்டினேன், ராத்திரிக்குப் பேரீச்சம்பழம் கொட்டை எடுத்து வைத்தேன். அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு சின்ன முகச்சுளிப்புகூட இல்லை.

தை பிறந்ததும் மாட்டுக் கொம்பில் மஞ்சள் கயிறு சுற்றிக் காப்புக் கட்டினோம். எங்கள் வகையறாவில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டிவிட்டால், ஜெயித்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சை வீட்டுக்குள் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் மாட்டுக்குக் கண் பட்டுவிடும். அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ராக்காயி கிணற்றடியில் கேட்டாள். "ஏண்டி சின்னப்புள்ள, ஒந்தம்பி விராலிமலைக்குக் குடி போறானாமே. ஜெயிச்சா மாடு ரெண்டும், ஓட்டுறவனும் முருகப்பன் செட்டியாருக்காம். வீடுகூடக் கட்டுறாராம். இனிமே ஒனக்கு ஒத்த ஆளுக்குத்தான் ஒல வைக்கிற வேல. மகராசி மாதிரி காலை நீட்டி ஒக்காந்துக்க."

செட்டியார் மதுரைச் சீமை வரைக்கும் பந்தயத்துக்கு மாடு அனுப்புகிறவர். எங்கள் ஜோடியை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே பிச்சைமுத்துவிடம் போனேன். "நீ விராலிமலைக்குப் போறியாப்பா?" என்று கேட்டேன்.

அவன் மயிலைக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தான். அதன் கொம்பில் இருந்த கயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். "காப்பு கட்டியிருக்குக்கா. அந்தப் பேச்சு ஆகாதுன்னு நீதான சொன்ன. பந்தயம் முடியட்டும், ஒனக்குச் சொல்றேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்பதற்கு எந்தக் காப்பும் தடை கிடையாது. சிரித்தான். சிரிக்கிறவன் போகத்தான் போகிறான் என்று எனக்குப் பட்டது. நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குச் சங்கடம்.

ஏட்டய்யா, அவனுக்குப் பத்து வயதில் ஒரு தடவை புளியமரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. நான் ஊட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன், கதை சொன்னேன். கட்டுப் பிரித்த அன்று அவன் துள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டில் அதைப் போலச் சந்தோஷமான காலம் வேறு இருந்ததில்லை.

ஒடிந்த கால் கூடிவிடும். அது எனக்குத் தெரியும்.

ஆகவே அவன் பந்தயத்துக்குத் தயார் பண்ணினான், நானும் என் பங்குக்குத் தயார் பண்ணினேன். கட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிவந்து உறியில் வைத்தேன். மூங்கில் பத்தை சீவி, சிராய் குத்தாமல் தேய்த்து வைத்தேன். பழைய சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்தேன். கோழி அடைக்கு வைத்திருந்த முட்டையில் பாதியை எடுத்துவைத்தேன், பற்றுப் போடுவதற்கு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஆத்திரத்தில் செய்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது. அவன் மேல் எனக்கு ஒரு நாளும் ஆத்திரம் வந்ததில்லை.

இடத்தையும் பார்த்துத்தான் வைத்தேன். கண்மாய்க்கரை முடிந்து, தடம் கலிங்கை ஒட்டித் திரும்புகிற வளைவு. அங்கே யாராக இருந்தாலும் கயிற்றை இழுத்து வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆட்களெல்லாம் ஊர் எல்லையில் கூடியிருப்பார்கள், அங்கே ஒருத்தரும் நிற்கமாட்டார்கள். முந்தின நாள் மத்தியானம் போய்த் தடத்தில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தேன். கூடையில் கண்மாய் மணலை அள்ளி வந்து கொட்டிப் பரப்பினேன். விழுந்தால் மணலில் விழட்டும் என்றுதான். கை சிவந்துபோயிற்று. ராத்திரி அவன் அதைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு அரைச்சே தேஞ்சு போயிட்டக்கா" என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டான்.

மறுநாள் கலிங்குச் சுவரை ஒட்டிய ஆலமரத்துக்குப் பின்னால் நின்றேன். புழுதி தெரிந்தது. முதலில் வந்தது எங்கள் வண்டி. அடுத்ததாக வந்த சோலையப்பன் வண்டி நெடுந்தூரம் பின்னால், ஒரு பொட்டுப் போல. பிச்சைமுத்து தலை முதல் கால் வரை செம்மண்ணாக இருந்தான். களைத்திருப்பான் என்று நினைத்தேன். அவன் பாடிக்கொண்டு வந்தான். நான் தொட்டிலில் போட்டுப் பாடின பாட்டு. மாட்டுக்கு அதைத்தான் பாடுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் மரத்தைவிட்டு வெளியே வந்து, நாக்கைச் சொடுக்கி, "இந்தா மயிலு" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மயிலை நிற்கும் என்று நினைத்திருந்தேன். நின்றால் வண்டி குடைசாயும், அவன் மணலில் விழுவான், கால் ஒடியும். அவ்வளவுதான் என் கணக்கு. மயிலை நிற்கவில்லை. என்னிடம் வந்தது. அத்தனை மைல் ஓடி வந்த மாடு, தடத்தைவிட்டு, மணலைத் தாண்டி, செவலையையும் இழுத்துக்கொண்டு, நான் நின்ற கலிங்குச் சுவருக்கு நேரே வந்தது. வளர்த்தவள் நான். கூப்பிட்டால் அது வரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

வண்டி சாயும்போது பிச்சைமுத்து என்னைப் பார்த்தான். அப்போது அவன் சொன்னது ஒன்றுதான். "தள்ளிக்கக்கா."

நான் தள்ளிக்கொண்டேன். மாடும் வண்டியும் அவனும் கலிங்குக் கல்லின் மேல் போய் விழுந்தார்கள்.

மயிலைக்கு முன்னங்கால் இரண்டும் போயிருந்தது, விலாவும் உள்ளே அமுங்கியிருந்தது. கண்மாயில் முந்தானையை நனைத்து வந்து அதன் வாயில் பிழிந்தேன். ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை, தண்ணீர் காட்டக் கூடாதுதான். அன்றைக்கு ஒரு நாள் காட்டினேன். வெல்லத்தையும் அவிழ்த்து வைத்தேன். நக்கிற்று. பிறகு நக்கவில்லை.

அதற்குள் சோலையப்பன் வண்டி வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து பிச்சைமுத்துவைத் தூக்கினான். கொடி வாங்க வேண்டியவன், அதை விட்டுவிட்டுத் தூக்கினான். வளைவில் அவன் வந்து மோதினான், சக்கரத்துக் கடையாணியைப் பிடுங்கியிருந்தான் என்றெல்லாம் ஊரில் பேசி, நீங்களும் அவனைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னாலேயே அக்காள் அங்கே நின்றாள் என்று அவன் சொன்னபோது சிரித்தீர்களாம். அவன் பொய் சொல்லவில்லை. நீங்கள் எடுத்துவைத்திருக்கிற கடையாணியும் நல்ல கடையாணி. நானே எண்ணெய் போட்டு அடித்தது.

விராலிமலைச் செட்டியார் அடுத்த வாரம் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னார். "சம்பளம் என்னன்னுகூட இவன் கேக்கல ஆத்தா. எங்கக்காவும் என்கூட வரும், அதுக்குப் பொகை ஆகாது, அடுப்படிக்குச் சன்னல் வேணும், அது ஒண்ணுதான் கேட்டான். ஒனக்குன்னுதான் சன்னல் வச்சுக் கட்டினேன்."

அப்படிங்களா என்றேன். உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இதை அவன் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. காப்புக் கட்டினால் பேசக் கூடாதுதான். ஆனாலும் அக்காளிடம் சொல்லியிருக்கலாம். என்ன செய்வது, சின்னப் பிள்ளையிலிருந்தே சொன்ன சொல்லைத் தட்டமாட்டான்.

உங்களிடம் மாடு தானாக மிரண்டது என்று சொன்னான். என் பெயரை எடுக்கவில்லை. என்னிடமும் ஒன்றும் பேசவில்லை. கழுத்துக்குக் கீழே அவனுக்கு அசைவு இல்லை. நான் வாங்கி வைத்த எண்ணெய்க்கும் பத்தைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நேற்று ராக்காயி வந்து சோலையப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகுதான் என்னிடம் வாய் திறந்தான். "சோலையப்பன விடச் சொல்லுக்கா." அவ்வளவுதான். ஆனால் அக்கா என்றுதான் சொன்னான். அதை நன்றாகக் கேட்டேன்.

ஆகவே வந்திருக்கிறேன். மாட்டைக் கூப்பிட்டது நான். வண்டியைக் கவிழ்த்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். சோலையப்பனை இப்போதே அனுப்பிவிட்டால் நல்லது. எனக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்.

கஞ்சி ஆறிவிடும். இப்போது ராக்காயி கையால்தான் குடிக்கிறான். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைக்கிறான், அவன் குணம் எனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் போனால் மட்டும் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொள்கிறான். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது போல. வரும்போது சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் திரும்பிப் போவதற்குள் என் பக்கம் திரும்பியிருப்பான்.