சத்தமில்லாத சுரத்துக்கு ஓடிய ஊரிகம் லைன்

என் பெயர் பார்வதம்மா, வயது ஐம்பத்தாறு, காலஞ்சென்ற மாணிக்கத்தின் மனைவி, ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருந்து வேர்க்கடலை வேகவைத்து விற்கிறேன். படிக்கத் தெரியாது. நான் சொல்வதை ஏட்டு வாசு எழுதுகிறார்.

மூடிய சுரங்கத்தில் வெடி வைத்ததாக இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கும் சித்தார்த் என் எதிர்வீட்டுக்காரன். தினம் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போகிறவன். புத்த பௌர்ணமி ஊர்வலத்தில் வாசிக்க அவனே ஒரு பெட்டி செய்தான். அதற்குள் பாட்டு கிடையாது, கரண்டை ஏற்றி இறக்கி அதுவே சத்தம் உண்டாக்கும். நேற்று சாயங்காலம் அதைக் கேட்கக் கடலைக் குண்டானோடு போனேன். அதற்கு முன், அந்தப் பெட்டிக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் கொண்டுவந்து மாட்டிய விநாயக்கின் வயரை என் ஆடு கடித்து, அவனோடு வாய்ச்சண்டை நடந்தது. அது இந்தக் கேசுக்கு வேண்டாம் என்று ஏட்டு சொல்வதால் விடுகிறேன். ஆட்டின் மேல் தப்பில்லை.

அதன் பிறகு சித்தார்த் ஒரு சின்னத் திரையைக் காட்டினான். பச்சைக் கோடு பாம்பு போல வளைந்து ஓடியது. "அத்தே, ஒரு வளைவு ஏறி எறங்க எவ்ளோ நேரம்னு இந்தத் திருகு. எவ்ளோ உசரம்னு இது, அதான் வோல்ட்டு" என்றான். வேகமாக வைத்தால் கோழிக்குஞ்சுச் சத்தம், மெதுவாக வைத்தால் எருமைச் சத்தம். ஆசையில் என்னால் உட்கார முடியவில்லை. "இன்னும் மெதுவா உடுடா" என்றேன்.

அதன் பிறகு அவன் உள்ளே கரண்டைச் சேர்த்துவைத்து விடும் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினான். வளைவு அகலமானது, காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. விநாயக், "இன்னாடா, பொட்டி ஊமையா பூட்ச்சா? வோல்ட்ட ஏத்து" என்றான். ஏற்றினான்.

அதன் பிறகு சத்தமே இல்லாமல் குண்டானில் தண்ணீர் நடுங்கியது, கூரை ஷீட்டுகள் கடகடத்தன, என் உள்ளங்கால் கூசியது. எங்கள் ஊரில் தரை இப்படி ஆடினால் கீழே பாறை வெடித்தது என்று அர்த்தம். யார் உயிரோடு மேலே வருகிறார்கள் என்று பார்க்க, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் குழியின் வாசலுக்கு ஓடுவோம். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் லைன் மொத்தமும் அங்கேதான் ஓடியது. முகத்தில் சோப்பு நுரையோடு ஓடியவர் உண்டு. கீழே யாரும் இல்லை என்று தெரிந்தே நானும் ஓடினேன்.

பூட்டிய வாசலில் கூட்டத்தைப் பார்த்த காவலாளி, தங்க மண் திருட யாரோ வெடி வைத்ததாக ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். என்ன நடந்தது என்று கேட்டபடி கடைசியாக வந்த சித்தார்த்தின் கையில் வயர் இருந்தது. அதனால் பிடித்தார்கள். வெடி கேஸ் போட்டால் அவனுக்கு ஜெயில், வேலையும் போகும்.

இதுவரை சொன்னதை இன்ஸ்பெக்டர் ஐயா நம்பவில்லை. "சத்தமே இல்லாம தரை ஆடுமாம்மா?" என்றார். "பொட்டிய இங்கயே போட்டுப் பாருங்க சார்" என்றேன். அதன் பிறகு விநாயக் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து வராந்தாவில் இறக்கினான். சித்தார்த் அதே கெபாசிட்டரோடு அதே வோல்ட்டில் வைத்தான். மேஜையில் டீ கிளாஸ் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா வெளியூர்க்காரர், கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரிகத்தில் பிறந்த ஏட்டு வாசு பேனாவைப் போட்டுவிட்டு ஷாப்ட் பக்கமாக ஓடினார்.

விநாயக் போய் அவரைக் கூட்டிவந்தான். "சார், நான் ஓடனதயும் எழுதணுமா?" என்று ஏட்டு கேட்டார். "அதத்தான் முக்கியமா எழுதணும். அந்தப் பையன வீட்டுக்கு அனுப்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர் ஐயா.

மேலே கண்டது எல்லாம் நான் கண்ணால் பார்த்து, காலால் உணர்ந்தது. வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது.

இடது பெருவிரல் ரேகை: பார்வதம்மா
எழுதியவரும் ஓடியவரும்: வாசு, ஏட்டு