மில் வாசல்ல நின்னவ

இல்ல தம்பி, மேடை ஏறுறதெல்லாம் எனக்கு ஒத்து வராது. அதுவும் கூடப் பொறந்தவளுக்கு எதிரா. நீங்க மொதல்ல உக்காருங்க. அந்தத் துணியை அப்படித் தள்ளிட்டு உக்காருங்க, பரவாயில்ல, எல்லாம் காஜா எடுக்க வேண்டிய சட்டைங்கதான், கசங்கினா கசங்கட்டும், எப்படியும் இஸ்திரி போடணும். மிஷின் ஓடிக்கிட்டே இருக்குன்னு தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் கொடுத்தாகணும். அதுவுமில்லாம, கை ஓடினாத்தான் எனக்கு வாயும் ஓடும்.

உங்க கட்சிக்காரங்க விவரமானவங்கதான். தங்கச்சி அந்தப் பக்கம் வேட்பாளர், அக்காக்காரி இந்தப் பக்கம் ஓட்டு, போய்ப் பேசிக் கூட்டிட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஓ, கடை வாசல்ல உங்க சின்னம் ஒட்டியிருக்கேனே, அதைப் பாத்தா? ஆமா, நான்தான் ஒட்டினேன். அவ வர்றப்பல்லாம் அதைப் பாத்துக்கிட்டேதான் உள்ள வருவா. பாத்துட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்புதான் தம்பி எனக்குத் தாங்காது. கோவப்பட்டாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேக்கலாம். சிரிக்கிறவகிட்ட என்னத்தைச் சண்டை போடுறது?

ஆமா, அவ பேச்சைக் கேட்டிருக்கேன். கேக்காம இருக்க விட்டாத்தானே? எங்கிட்ட வேலை பாக்குற பொம்பளைங்களே, எம் மிஷின்ல உக்காந்துக்கிட்டு, எங்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு, அவ பேச்சைப் போன்ல போட்டுக் கேக்குறாளுங்க. கண்ணைத் துடைக்கிறாளுங்க வேற. நிறுத்துங்கடின்னு சொல்லவும் முடியல. அக்காவுக்கு வயித்தெரிச்சல்னு சொல்லிடுவாளுங்க. வயித்தெரிச்சல்தான், இல்லேங்கல. அதை அவளுங்க சொல்லக் கூடாதுல்ல?

அந்த மில் வாசல் கதைதானே? அதைச் சொல்லாம அவ எந்தக் கூட்டத்தை முடிச்சா? மில்லைப் பூட்டிட்டாங்க. அப்பாவும் மத்தவங்களும் வாசல்லயே உக்காந்துட்டாங்க, தொறக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்னு. சோறு கொண்டு வர்ற பெரியவங்க யாரையும் அவங்க பக்கத்துல விடாம காவக்காரன் நாயைக் கட்டி வச்சிருக்கான். பாவாடை கட்டின ஒரு சின்னப் பொண்ணு, கையில சாப்பாட்டு டப்பா, அந்த நாயைத் தாண்டிப் போறா. அப்பா டப்பாவைத் தொறக்குறாரு. மொதக் கவளத்தை எடுத்து, தன் வாயில போட்டுக்கல, பக்கத்துல பட்டினியா உக்காந்திருந்தவன் வாயில வைக்கிறாரு. அன்னைக்குத்தான் எனக்கு அரசியல்னா என்னன்னு தெரிஞ்சுதுன்னு அவ முடிப்பா. கைத்தட்டு கூரையைப் பிச்சிக்கிட்டுப் போகும்.

நீங்க விசாரிச்சது சரிதான் தம்பி. அவ அப்போ வீட்டுலயே இல்ல. மில்லைப் பூட்டின உடனே ரெண்டு பிள்ளைக்குச் சோறு போட முடியாதுன்னு அம்மா அவளைப் பெரியம்மா வீட்டுல கொண்டு விட்டாங்க. பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. பெரியப்பாவுக்கு இரும்புக் கடை, ஏவின வேலைக்கு ஆளுங்க. எனக்கும் போக ஆசைதான். ரெண்டு பேர்ல யாருன்னு பேச்சு வந்தப்போ, பெரியம்மா என்னையும் பாத்தாங்க, அவளையும் பாத்தாங்க, சின்னவ செவப்பா அழகா இருக்கான்னு அவ கையைப் புடிச்சாங்க. அவ்வளவுதான், அவ தலையெழுத்தும் எந் தலையெழுத்தும் அங்கயே பிரிஞ்சுது.

டப்பா தூக்கினது நான்தான். பின்ன வேற யாரு?

லீவுக்கு வருவா அவ. காலுல ஷூ, தலையில ரிப்பன், வாய் நிறைய அங்க அந்த ஃபேன் இருக்கு, அந்த மெத்தை இருக்குன்னு கதை. ராத்திரி எம் பக்கத்துல பாயில படுத்துக்கிட்டுத் தூக்கம் வராம புரளுவா, மெத்தைப் பழக்கம். எங்கிட்ட பதிலுக்குக் காட்ட என்ன இருந்துச்சு? அப்பா இருந்தாரு, மில் வாசல் இருந்துச்சு. அதை எடுத்து விட்டேன். நாயை இம்மாம் பெருசாக்கினேன். அப்பாவைச் சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்கன்னு கூடச் சொன்னேன்னு நினைக்கிறேன். அவ பொறாமைப்படணும், அதுக்குத்தான். பட்டாளே! அக்கா, அப்புறம் அப்பா என்ன சொன்னாரு, அப்புறம் என்ன ஆச்சுன்னு நச்சரிப்பா. எனக்கு அப்படியே குளுகுளுன்னு இருக்கும். உங்க ஃபேனு எனக்கு வேணாம்டி போடீன்னு தோணும்.

பாருங்க, அந்தக் கதைதான் அவளுக்குள்ள போய் முளைச்சிருக்கு. பெரியப்பா கடையில ஆளுங்களை நாயேபேயேன்னு திட்டுறதைப் பாத்து அவளுக்கு வெக்கமா இருக்குமாம். இவங்க போடுற சோத்தைத் திங்கிறோமே, அங்க அப்பா வாசல்ல உக்காந்திருக்காரேன்னு உறுத்துமாம். அவளே சொன்னா. தம்பி, வயிறு நிறைஞ்சவளுக்குத்தான் வெக்கம் வரும். எனக்கு வெக்கப்படக் கூட நேரமில்ல. பசிக்கவே நேரம் சரியாப் போச்சு.

அவ சொல்லாத ஒண்ணு இருக்கு. சொல்லாததுன்னு இல்ல, அவளுக்குத் தெரியாது. நான் அவகிட்ட சொல்லல. அந்த டப்பாவுல எம் பங்கும் இருந்துச்சு. அப்பாகூட உக்காந்து நீயும் சாப்பிட்டுட்டு வாடீ, அவரு தனியா சாப்பிட மாட்டாருன்னு சொல்லித்தான் அம்மா அனுப்பினாங்க. நானும் அவரு பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். அவரு இவனுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய்னு எடுத்துக் கொடுக்குறாரு. ஊரார் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. நான் டப்பாவையே பாத்துக்கிட்டிருக்கேன். அடியில வழிச்சுக் கொடுத்ததும் மூடியைப் போட்டு எங் கையில கொடுத்தாரு. சரி, நீ வீட்டுக்கு ஓடுன்னாரு. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல தம்பி. அவரும் திங்கல, அது வாஸ்தவம். ஆனா அவரு ஒத்துக்கிட்டுப் பட்டினி கெடந்தாரு. என்னை யாரும் கேக்கலையே?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். அதே டப்பாதான். கேட்டவளுக்கு அது கொள்கை ஆயிடுச்சு, தூக்கினவளுக்கு வெறும் வயிறு. மில்லு அப்புறம் தொறக்கவே இல்ல. அம்மா தையலுக்கு உக்காந்தாங்க, படிப்பை விட்டுட்டு நானும் உக்காந்தேன். அதனாலதான் போராட்டம், வேலைநிறுத்தம்னு எவன் சொன்னாலும் எனக்குக் குமட்டும். வேலை கொடுக்குறவன் நல்லா இருந்தாத்தான் நம்ம அடுப்பு எரியும்னு நினைக்கிறவ நான். அதான் உங்களுக்கு ஓட்டு. உங்க அப்பாவுக்கு என்ன தொழில்? கடையா? பாத்தீங்களா! யோசிச்சா கட்சியில சேந்தீங்க? பொறந்த வீட்டுலயே சேத்து விட்டுட்டாங்க. எங்க வீட்டுலதான், மெத்தையில வளந்தவ தொழிலாளிங்க பக்கம், பட்டினி கெடந்தவ முதலாளிங்க பக்கம்னு மாத்தி முளைச்சுது.

என்ன, பொய்யின்னு மேடையில சொல்லணுமா? பொய்யின்னு எப்படிச் சொல்றது? வாசல் உண்மை, நாய் உண்மை, டப்பா உண்மை. அது பொய்னா, அன்னைக்கு நான் பட்டினி கெடந்ததும் பொய்யாயிடும்ல? அதெப்படி விட்டுக் கொடுப்பேன்? அவ பாவாடை கலரைத் தப்பாச் சொல்றப்போ எனக்கு உடம்பெல்லாம் எரியுது. போன கூட்டத்துல பச்சைங்கிறா. நீலம்டீ அதுன்னு நானே போன் போட்டுத் திருத்தினேன். தேங்க்ஸ்க்கான்னு சொல்றா கூசாம!

அவகிட்ட கேட்டேனே, ஒரு தடவை. ஏன்டீ, நீயா போனேன்னு. அவ முழிக்கிறா தம்பி. நடிப்பில்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கேக்கா, நாய் பல்லு கூட ஞாபகம் இருக்குங்கிறா. நான் சொன்ன பல்லுதான் அது! அத்தனை தடவை கேட்டு கேட்டு, போனது தாந்தான்னு நிஜமாவே நம்பிட்டா. அவளை என்ன பண்றது? திருடிக்கிட்டுப் போனவளைப் புடிக்கலாம். தன்னுதுன்னு நினைச்சு எடுத்துக்கிட்டுப் போனவளை எங்க போய்ப் புடிக்கிறது?

போறீங்களா? டீ சொல்லட்டுமா? வேண்டாமா, சரி.

அப்பாவா? இருக்காரே, உள் ரூம்ல. எங்கூடத்தான் இருக்காரு, எப்பவும். குளிக்க வைக்கிறது, மருந்து, கால் அமுக்கிறது எல்லாம் நான்தான். அவ எப்பவாவது கார்ல வந்து கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவா. போயிட்டு வந்தார்னா ஒரு வாரத்துக்கு மொகத்துல தனிக் களை. எம் பொண்ணு, எம் பொண்ணுன்னு. நான் என்னவோ வாடகைக்கு இருக்குறவ மாதிரி.

கை நடுங்குது அவருக்கு, அதனால நான்தான் ஊட்டி விடுறது. போன வாரம் மத்தியானம் ஊட்டிக்கிட்டிருக்கேன். மென்னுக்கிட்டே சொல்றாரு, அன்னைக்கு மில் வாசல்ல சின்னவ டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்தா பாரு, அந்த நாயைத் தாண்டி, அந்தத் தைரியம் உனக்கு வராதும்மா, நீ பயந்தாங்கொள்ளின்னு. எங் கையில இருந்த சோத்தைத் தின்னுக்கிட்டே சொல்றாரு. நான் அடுத்த வாயை உருட்டி வச்சேன்.

உங்க கூட்டம் என்னைக்குன்னு சொன்னீங்க? ஞாயித்துக்கிழமை சாயந்தரமா? வர்றேன். ஓட்டுக் கேக்க மாட்டேன், அவளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். டப்பா தூக்கினது யாருன்னு மட்டும் மைக்ல சொல்லிட்டு எறங்கிடுவேன். அப்பாவையும் கூட்டிட்டு வரணும், ஒரு வண்டி அனுப்பிடுங்க. முன்னாடி, ஸ்பீக்கர் பக்கமாப் பாத்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க. காது மந்தம் அவருக்கு.