ஆயிரம் மணித்தியாலம்

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும். எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் அலுத்துக்கொள்வதே அதற்குத்தான். என்னைக் கேட்டால், ஒருவருடைய குணத்தை அவர் நிரப்பிய படிவத்தில் பார்த்துவிடலாம்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் பெயர் வசந்தமலர், வயது முப்பத்தைந்து. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டதாரி ஆசிரியை. இங்கே நியூசிலாந்தில், ஒக்லாந்தில், பக்குரங்கா பிளாசாக் கடையொன்றில் உடுப்பு மடித்து அடுக்குகிறவள். இந்த வருடம், எண்பத்தேழில், மறுவாழ்வுச் சிகிச்சை முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தேன். நோயாளரைப் பராமரித்த அனுபவம் ஆயிரம் மணித்தியாலம் வேண்டும், ஒரு டாக்டர் கையெழுத்திட வேண்டும், ஒக்டோபர் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. முதியோர் இல்லங்களில் வேலை கேட்டேன். என் ஆங்கிலம் வயதானவர்களுக்கு விளங்காதாம்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோயிலுக்கு வரும் சரோஜாதேவி அதை எனக்குச் சொன்னாள்.

"எடி மலர், என்ர அத்தான்ர கிளினிக்கில ஆயிரம் மணித்தியாலம் நிண்டனான் எண்டு ஒரு கடிதம் வாங்கிப் போடு. ஆர் இருந்து எண்ணப் போறாங்கள்?"

"நான் எண்ணுவன்," என்றேன்.

"ஐயோ, பெரிய அரிச்சந்திரி!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அப்படிப் பொய்க் கடிதம் வாங்கி உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இங்கே மொழிபெயர்க்க வந்திருக்கும் சற்குணம் அண்ணையின் மகளும் அவர்களில் ஒருத்தி. அவர் முகம் சுளிக்கிறார். பரவாயில்லை, இதையும் மொழிபெயர்க்கட்டும். நான் அந்தச் சாதி இல்லை. செய்யாத ஒரு மணித்தியாலத்தையும் நான் எழுத மாட்டேன்.

ஏப்ரலில் மச்சாளுக்குப் பாரிசவாதம் வந்தது. பத்மாவதி மச்சாள், என் கணவரின் அக்கா, புருஷன் செத்தபிறகு எங்களோடுதான் இருந்தார். இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான் கடை வேலையை விட்டேன். புதன்கிழமைகளில் அவரைப் பார்க்க வீட்டுக்கு வரும் டாக்டரிடம் கேட்டேன். வீட்டில் பார்ப்பதும் பராமரிப்புத்தான், ஒழுங்காகக் குறித்து வைத்தால் கையெழுத்திடுகிறேன் என்றார். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம். குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, புரட்டிப் படுக்க வைப்பது, கைகால் பயிற்சி. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதினேன். மச்சாளின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. சரோஜாதேவியின் அத்தானுடைய கிளினிக்கில் அப்படி ஒரு நோயாளியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை குசினிக்குள் போனேன். மச்சாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மலர், இஞ்சை பார், நானே தேத்தண்ணி போட்டிட்டன். இந்தா, உனக்கும்."

என் கணவர் அழுதேவிட்டார். டாக்டர் கைதட்டினார். "இனி உனக்கு வேலையில்லை. தானாக நடக்கிறவருக்குப் பராமரிப்பு என்று நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

கொப்பியில் அறுநூற்று நாற்பது இருந்தது.

மச்சாள் நடந்து திரிய, நான் மீதி முந்நூற்று அறுபதையும் சும்மா எழுதியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அது அருவருப்பு. நான் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் மச்சாளுக்கு என் உதவி உண்மையாகவே தேவைப்பட வேண்டும். டாக்டர் தந்த நித்திரை மாத்திரை, இரவில் பாதி. அதை இரண்டு மாத்திரையாக்கினேன், பிறகு காலையிலும் இரண்டு. பொடியாக்கி, அவர் குடிக்கும் மைலோவில் கலந்தேன். பயிற்சியை நிறுத்தினேன். இரண்டு கிழமையில் மச்சாள் மறுபடி படுக்கைக்கு வந்தார். இரண்டாவது தாக்கமாக இருக்கும் என்றார் டாக்டர். அத்தனை வருடம் படித்த மனிதர், கண்ணை விரித்துப் பார்க்கவில்லை.

மச்சாள் என் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பன், பிள்ளை," என்பார்.

"ஓம் மச்சாள்," என்பேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

மாத்திரைக் கணக்கையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் முடிந்தபின் அந்தக் கொப்பியைக் கையெழுத்துக்காக டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். ஒளிக்க நினைக்கிறவள் அப்படிச் செய்வாளா? கையெழுத்துப் போடாமல் பொலிஸ்காரர் உங்களைக் கூப்பிட்டது அவருடைய பண்பு.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் மங்கரேயில், விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் வேலைக்குப் போயிருந்தார். காலை ஒன்பது மணிக்கு மச்சாளின் மூச்சு மாறியது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது, நகங்கள் நீலம். கொப்பியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பார்ப்பது தாதிமாருடைய மணித்தியாலம், என்னுடையதல்ல.

தலையை உயர்த்தி வைத்தேன். உதட்டை ஈரத்துணியால் நனைத்தேன். வாயைத் துடைத்தேன். பத்தரைக்கு ஒருமுறை, "மலர், தம்பியைக் கூப்பிடு," என்றார். கூப்பிடுகிறேன் என்றேன், எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஆயிரம் ஆயிற்று. அதன்பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். அவர்கள் வந்தபோது மச்சாள் போய்விட்டிருந்தார். ஆனால் அந்த ஆறு மணித்தியாலமும் நான் அவருடைய பக்கத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.